சமுதாய வானொலில உரிமை பத்தி பேச்சு நிகழ்ச்சி: மைக்கை மூடுனாதான் ஜனங்க பேசறாங்க, என்ன பண்ணலாம்?

தேன்மொழி_அலை

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு சமுதாய வானொலில தன்னார்வலரா இருக்கேன். வாராவாரம் ஒரு மணி நேரம் மனித உரிமை, சமூகநீதின்னு ஒரு பேச்சு நிகழ்ச்சி எங்க டீம்தான் பண்ணுது. வக்கீல் ஒருத்தர், பேராசிரியர் ஒருத்தர்னு கூப்பிட்டு உக்கார வெச்சு பேசுவோம். 1948 டிசம்பர் 10ல ஐநாவோட மனித உரிமைப் பிரகடனம் வந்தது, அதுல 30 ஷரத்து இருக்கு, 19வது ஷரத்து கருத்து சொல்ற சுதந்திரம், இப்படி எல்லாம் சரியான தகவல்தான், தப்புன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா ஃபோன் லைனைத் திறந்தா யாரும் கூப்பிட மாட்டேங்கறாங்க. அதே நேயர்கள் பாட்டு கேக்கற நிகழ்ச்சிக்கு லைன் கிடைக்காம திரும்பத் திரும்ப அடிக்கறாங்க.

சுத்தி நடக்கறது ஒண்ணும் சின்ன விஷயம் இல்ல. துப்புரவு வேலை பாக்கறவங்களுக்கு கான்ட்ராக்டர் கூலியை நிறுத்தி வெச்சிருக்காரு, வீட்டை காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்காங்க, சக்கர நாற்காலில வர்றவங்க ஏற முடியாத ஆபீஸ்லதான் அவங்களுக்கான சான்றிதழே கொடுக்கறாங்க. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா ரெக்கார்டிங் முடிஞ்சு மைக்கை மூடினதும் சொல்றாங்க. "அதை மூடும்மா, அப்புறம் சொல்றேன்"னு ஒரு அம்மா சொன்னது மனசுல அப்படியே நிக்குது, மூடினதும் அவங்க பேசுன பேச்சை நான் எந்த வக்கீல்கிட்டயும் கேட்டதில்ல, அவ்வளவு தெளிவா தேதி, தொகை, ஆள், எல்லாம் வரிசையா சொன்னாங்க.

இன்னொரு பக்கம் நிலையத்தோட கமிட்டி. "விழிப்புணர்வு பண்ணுங்க, பேர் சொல்லி எதுவும் வேணாம், லைசென்ஸுக்கு பிரச்சனை வந்துடும்"ங்கறாங்க. அவங்க பயமும் புரியுது. ஆனா பாதிக்கப்பட்டவங்க குரலே இல்லாம உரிமை பத்தி ஒரு மணி நேரம் பேசறது எனக்கு ரொம்ப வலிக்குது. இந்த மாதிரி நிகழ்ச்சி பண்றவங்க, பண்ணுனவங்க, கேக்கறவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க, அவங்களை எப்படி பேச வெக்கறது, பேசுனப்புறம் அவங்களை எப்படி காப்பாத்தறது?

பழைய_மைக்

தேன்மொழி, அந்த அம்மா மைக்கை மூடச் சொன்னதுலயே உங்களுக்கு பாதி பதில் இருக்கு. அவங்களுக்கு பேச வரும், பேசணும்னும் இருக்கு, பேசுனது எங்க போகும், யார் கையில சிக்கும்னு தெரியாததுதான் பிரச்சனை. அதனால முதல்ல ஸ்டுடியோவை விட்டு வெளிய வாங்க. கண்ணாடி ரூம், பச்சை லைட்டு, காதுல ஹெட்ஃபோன், இதெல்லாம் நமக்கு பழகிப்போச்சு, அவங்களுக்கு அதுவும் ஒரு ஆபீஸ் மாதிரிதான் இருக்கும், ஏற்கனவே அவங்களை அலைய விட்ட ஆபீஸ்ல ஒண்ணு.

நான் பண்ணுறது என்னன்னா சின்ன ரெக்கார்டரை எடுத்துக்கிட்டு அவங்க இருக்கற இடத்துக்கே போவேன், போனதும் ஆன் பண்ண மாட்டேன். எதுக்கு வந்திருக்கேன், எந்த நிகழ்ச்சில வரும், எப்ப வரும், யார் யார் கேப்பாங்க, சோஷியல் மீடியால போடுவோமா மாட்டோமா, எல்லாத்தையும் சொல்லிட்டு ரெக்கார்டரை அவங்க கையிலயே கொடுத்துடுவேன், ஆன் பண்றதும் ஆஃப் பண்றதும் அவங்கதான். இது ரொம்ப சாதாரண விஷயமா தெரியும், ஆனா பண்ணிப் பாருங்க. ஒரு பொண்ணு, வீட்டு வேலை பாக்கறவங்க, நடுவுல நடுவுல ஆஃப் பண்ணி யோசிச்சு யோசிச்சு திரும்ப ஆன் பண்ணிப் பேசுனாங்க. முடிஞ்சதும் முழுசா போட்டுக் காட்டினேன். தன் குரலை அவங்க முதல் தடவையா கேக்கறாங்க போல, கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "என் புருஷன் பத்தி சொன்னேன்ல, அந்த இடத்தை எடுத்துடுங்க, சம்பளம் தராதது மட்டும் இருக்கட்டும், அதை சத்தமாவே வைங்க"ன்னாங்க. எடிட்டிங் பண்ண எனக்கு யாரும் இவ்வளவு தெளிவா சொன்னதில்ல.

அடுத்தது, நிகழ்ச்சியோட நோக்கம். ஷரத்துல ஆரம்பிச்சு ஆளுக்கு வராதீங்க, ஆள்ல ஆரம்பிங்க. மூணு மாசமா கூலி வரல, அதுக்கு எங்க மனு கொடுக்கணும், ரசீது கேக்கணுமா, மனு வாங்க மாட்டேன்னா அடுத்து யாரு, இதைப் பேசுங்க. வக்கீல் அங்க வரட்டும், ஆனா அந்தம்மா கேக்கற கேள்விக்கு பதில் சொல்ற ஆளா வரட்டும்.

அமெரிக்காவுல ஃப்ளோரிடா பக்கம் இம்மொகலீன்னு ஒரு இடம், தக்காளி பறிக்கற கூலித் தொழிலாளிங்க நிறைய பேரு, ஹெய்ட்டி, மெக்சிகோ, குவாத்தமாலான்னு பல இடத்துலேர்ந்து வந்தவங்க. 2003 டிசம்பர்ல அவங்க சங்கமே ஒரு குறைந்த சக்தி எஃப்எம் நிலையத்தை ஆரம்பிச்சாங்க, ரேடியோ கொன்சியென்சியா. அந்த வகை லைசென்ஸுக்கு அதிகபட்சமே 100 வாட்தான். ஸ்பானிஷ் மட்டும் இல்லாம ஹெய்ட்டி கிரியோல், மாயா மொழிகள்னு தொழிலாளிங்க வீட்ல பேசற பேச்சுலயே நிகழ்ச்சி, நடத்தறவங்களும் அவங்களேதான். கூலியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டா என்ன பண்ணணும்னு தோட்டத்துல கூட நின்ன ஆளே சொல்றப்ப கேக்கறவங்களுக்கு நம்பிக்கை வருது. உங்க நிகழ்ச்சில துப்புரவு வேலை பாக்கற ஒருத்தர் விருந்தினரா வர்றதை விட தொகுப்பாளரா உக்கார்றதுக்கு வழி இருக்கான்னு பாருங்க, கொஞ்சம் பயிற்சி கொடுத்தா போதும், பேச்சு அவங்ககிட்ட தன்னால வரும்.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு எல்லாத்துலயும் முக்கியம். அடுத்த வாரம் என்ன ஆச்சுன்னு சொல்லணும். சத்தீஸ்கர்ல 2010ல ஆரம்பிச்ச சிஜிநெட் ஸ்வரா கேள்விப்பட்டிருப்பீங்க, அது எஃப்எம் இல்ல, மொபைல்லயே குரலைப் பதிவு பண்ற ஏற்பாடு. மலைக்கிராமத்துல இருக்கற ஆள் கூப்பிட்டு "கைப்பம்பு உடைஞ்சு கிடக்கு, இன்ன அதிகாரிக்கு சொல்லியும் வரல, அவர் நம்பர் இது, கேக்கறவங்க தயவுசெஞ்சு அவருக்கு ஒரு ஃபோன் போடுங்க"ன்னு சொல்வாரு. சரிபார்த்து வெளியிடுவாங்க. கேட்டவங்க நிஜமாவே அந்த அதிகாரிக்கு ஃபோன் போடுவாங்க. வேலை நடந்துட்டா அதே ஆள் திரும்பக் கூப்பிட்டு நடந்துடுச்சுன்னு பதிவு பண்ணுவாரு. அந்த ரெண்டாவது பதிவைக் கேக்கறப்பதான் அடுத்த ஊர்க்காரருக்கு நாமளும் கூப்பிடலாம்னு தைரியம் வருது. நடக்கலன்னாலும் நடக்கலன்னு சொல்லுங்க, எத்தனை வாரம் ஆனாலும் விடாம சொல்லுங்க.

கறுப்புக்கோட்டு

நான் வக்கீல், ரெண்டு சமுதாய வானொலிக்கு சட்ட விஷயத்துல உதவி பண்ணிட்டிருக்கேன். பழைய_மைக் சொன்னதுல எனக்கு ஒரு மாறுபாடும் இல்ல, காப்பாத்தறது எப்படின்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு மட்டும் சொல்றேன்.

சம்மதம்னா ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கி ஃபைல்ல போடறதுன்னு நிறைய நிலையம் நினைக்குது. கையெழுத்து நிலையத்தைத்தான் காப்பாத்தும், பேசுனவங்களைக் காப்பாத்தாது. பேசறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கேட்டுப் பார்த்தப்புறம் ஒரு தடவை, ஒலிபரப்புக்கு முந்தின நாள் ஒரு தடவை கேளுங்க. அந்த இடைவெளில அவங்க வீட்ல பேசியிருப்பாங்க, யாராவது மிரட்டியிருக்கலாம், மனசு மாறியிருக்கலாம். வேணாம்னு சொன்னா ஏன்னு கேக்காம நிறுத்துங்க, நிகழ்ச்சில ஓட்டை விழுந்தா பரவாயில்ல, பாட்டு போட்டு நிரப்பிக்கலாம்.

பேரை மாத்திட்டா போதும்னு நினைக்காதீங்க. சின்ன வட்டாரத்துல ஒலிபரப்பாகற ரேடியோ இது, அதோட பலமும் அதான் ஆபத்தும் அதான், கேக்கறவங்க எல்லாருக்கும் பேசறவங்களைத் தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு நிகழ்ச்சில பேரை மாத்தி, குரலையும் கம்மியா மாத்திதான் போட்டாங்க, ஆனா பின்னாடி ஓடிக்கிட்டிருந்த தறிச் சத்தமும் நடுவுல கேட்ட பள்ளிக்கூட மணியும் அப்படியே விட்டுட்டாங்க. எந்தத் தெரு, எந்தக் கூடம்னு மறுநாளே பேசிக்கிட்டாங்க, அந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அதனால அடையாளத்தை மறைக்கணும்னு முடிவு பண்ணிட்டா குரலை மாத்தற சாஃப்ட்வேரை நம்பாதீங்க, அவங்க சொன்னதை எழுதி வேற ஒருத்தரை விட்டு வாசிக்க வைங்க, வயசு, குழந்தைங்க எத்தனை, எவ்வளவு வருஷமா வேலை பாக்கறாங்க, இதெல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும், தேவை இல்லாததை எடுத்துடுங்க.

நீங்க எந்த நாடுன்னு சொல்லல. இந்தியான்னா பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்டவங்களோட அடையாளம் வெளிய வர்ற மாதிரி எதையும் வெளியிடறது பிஎன்எஸ்ங்கற புது தண்டனைச் சட்டத்தோட 72வது பிரிவுல குற்றம், குழந்தைங்கன்னா, அவங்களைப் பாலியல் குற்றத்துலேர்ந்து காக்கற போக்சோ சட்டத்தோட 23வது பிரிவு இன்னும் விரிவா தடுக்குது, பேரு மட்டும் இல்ல, வீட்டு முகவரி, பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், குடும்ப விவரம்னு எதுவும் கூடாது. குழந்தைங்க விஷயத்துல அம்மா அப்பா சம்மதம் கொடுத்துட்டாங்கன்னு இறங்கிடாதீங்க.

உங்க கமிட்டி பயப்படறதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். இந்தியாவுல 2006 கொள்கைப்படி சமுதாய வானொலி சொந்தமா செய்தியும் அரசியல் நிகழ்ச்சியும் போடக்கூடாது, ஆகாஷவாணி செய்தியை அப்படியேயோ, அர்த்தம் மாறாம உள்ளூர் மொழில பெயர்த்தோ போடத்தான் பிறகு அனுமதிச்சாங்க. ஆனா தண்ணி, கரண்டு மாதிரி பொது வசதி பத்தின அறிவிப்பு, வேலைவாய்ப்பு, உடல்நல எச்சரிக்கை இதெல்லாம் செய்திங்கற கணக்குல வராது. சட்டம் கொடுத்த உரிமையை விளக்கறதும் மனு எப்படி எழுதறதுன்னு சொல்லிக்கொடுக்கறதும் ஒருத்தர் தன் வாழ்க்கையில பட்டதைச் சொல்றதும் சமுதாய வானொலிக்குன்னே இருக்கற வேலை, அந்தக் கொள்கையே நிகழ்ச்சில குறைஞ்சது 50 சதவீதம் உள்ளூர் ஜனங்க பங்கெடுப்போட தயாரிக்கணும்னுதான் சொல்லுது. கமிட்டிகிட்ட இதைக் காட்டுங்க. ஒலிபரப்பு பண்ணதை மூணு மாசம் பத்திரமா வெச்சிருக்கணும்னும் விதி இருக்கு, நீங்க அதுக்கு மேலயே வெச்சிருங்க, நாளைக்கு யாராவது அவதூறுன்னு வந்தா என்ன சொன்னீங்கங்கறதுக்கு அதுதான் சாட்சி.

அப்புறம் எதிர்த்தரப்பு. கான்ட்ராக்டரைப் பத்தி பேசறீங்கன்னா ஒலிபரப்புக்கு முன்னாடியே அவர்கிட்ட எழுத்துல கேளுங்க, பதில் தந்தா வெட்டாம சொல்லுங்க, தரலன்னா எந்தத் தேதில கேட்டோம், பதில் வரலன்னு சொல்லுங்க. ஆனா கேள்வில பேசுனவங்க யாருன்னு தெரியக்கூடாது, "உங்ககிட்ட வேலை பாக்கற சிலர்"னு போதும். கேஸ் கோர்ட்டுல நடந்துட்டிருக்குன்னா யார் பக்கம் நியாயம்னு நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க.

கேட்டுக்கிட்டிருக்கேன்

நான் ரேடியோ நடத்தறவங்க இல்ல, கேக்கறவ. எங்கம்மா கட்டிட வேலை, நானும் படிப்பு நின்னப்புறம் கொஞ்ச காலம் போனேன். மேல எழுதுனதெல்லாம் நல்லா இருக்கு ஆனா யாருமே நேரம் பத்தி கேக்கல. தேன்மொழி அக்கா உங்க நிகழ்ச்சி எத்தனை மணிக்கு? நான் கேட்ட ஒரு ரேடியோல பெண்கள் உரிமை நிகழ்ச்சி காலைல பதினோரு மணிக்கு வரும், அந்த நேரத்துல யாருக்கு உரிமை இல்லையோ அவங்க எல்லாம் வேலைல இருப்பாங்க, கேக்கறது யாருன்னா வேலைக்கு ஆள் வெச்சிருக்கறவங்க. ராத்திரி சமைக்கற நேரம் இல்லன்னா விடியக்காலை வேலைக்கு கிளம்பறதுக்கு முன்னாடி போடுங்க, ரெண்டு தடவை போடுங்க, ஒரு தடவை போட்டுட்டு யாரும் கேக்கலன்னு சொல்லாதீங்க.

ஃபோன் பண்ணலைன்னு சொல்றீங்கல்ல, எங்க வீட்ல ஒரே ஃபோன்தான் இருந்துச்சு அது அப்பாகிட்ட. அம்மா உங்க நிகழ்ச்சிக்கு கூப்பிடணும்னா அப்பாகிட்ட வாங்கி அவர் முன்னாடி நின்னு பேசணும், நடக்கற காரியமா? மிஸ்டு கால் கொடுத்தா நீங்க திரும்ப கூப்பிடற மாதிரி வைங்க, எந்த நேரத்துல கூப்பிடணும்னு அவங்களே சொல்ற மாதிரி வைங்க. இல்லன்னா பொண்ணுங்க கூட்டமா இருக்கற இடத்துக்கு நீங்க போங்க, தனியா ஒருத்தர் பேசறதுக்கும் கூட்டத்துல ஒருத்தர் ஆரம்பிச்சு இன்னொருத்தர் முடிக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு, யாரு சொன்னதுன்னு தனியா பிரிச்சு பழிவாங்கவும் முடியாது.

நான் ஒரு தடவை தொண்டு நிறுவனத்துல வேலை பாத்தப்ப படிச்சது ஞாபகம் வருது, 1956ல புனே பக்கம் 150 கிராமத்துல யுனெஸ்கோ உதவியோட விவசாயிங்க கூட்டமா உக்காந்து ரேடியோ கேக்கற ஏற்பாடு பண்ணாங்க, கேட்டுட்டு அப்படியே எழுந்து போகாம கலந்து பேசி என்ன பண்ணலாம்னு முடிவெடுத்து கேள்வியை ரேடியோவுக்கு திரும்ப அனுப்புவாங்க. அதுக்கு முன்மாதிரி 1941ல கனடாவுல ஆரம்பிச்சது. ரொம்ப பழைய யோசனைதான் ஆனா இன்னைக்கும் எனக்கு அதுதான் சரின்னு படுது, ஒரு செட்டு, சுத்தி பதினஞ்சு பேரு. பயம் தனியா இருக்கறப்பதான் பெருசா தெரியும்.

கடைசியா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க கமிட்டில யாரு இருக்காங்க? துப்புரவு வேலை பாக்கறவங்க வீட்லேர்ந்து யாராவது இருக்காங்களா, மாற்றுத்திறனாளி இருக்காங்களா, பொண்ணுங்க எத்தனை பேரு? தெலங்கானாவுல மாச்னூர்னு ஒரு ஊர்ல 2008லேர்ந்து சங்கம் ரேடியோ ஓடுது, தலித் பொண்ணுங்க நடத்தறது, படிப்பு அதிகம் இல்லாத சின்ன விவசாயிங்க, ரெக்கார்டிங் எடிட்டிங் எல்லாம் அவங்களே. என்ன போடறது என்ன போடக்கூடாதுன்னு முடிவெடுக்கற இடத்துல அவங்க உக்காந்திருக்காங்க அதான் விஷயம். பயப்படறவங்களே முடிவெடுக்கற கமிட்டில இருந்தா எதுக்கு நிஜமா பயப்படணும் எதுக்கு வேணாம்னு அவங்களே சொல்லிடுவாங்க.

கறுப்புக்கோட்டு

மேல எழுதுன தங்கச்சி கேட்ட கடைசிக் கேள்விக்கு ஒரு தகவல். 2024ல இந்தியாவுல திருத்தின வழிகாட்டுதல்ல ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழுல குறைஞ்சது பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு சேர்த்திருக்காங்க. பேருக்கு போட்டு வெக்காம கூட்டத்துக்கு வர்ற நேரத்தையும் அவங்களுக்கு தோதா வெக்கணும்.

ஊதாநிறம்

கறுப்புக்கோட்டு சார் சொன்ன பாதுகாப்பு அத்தனையும் தேவைதான், மறுக்கல. ஆனா எல்லாரையும் பேர் இல்லாம, முகம் இல்லாம, வேற ஆள் குரல்ல பேச வெச்சுக்கிட்டே போனா கடைசில "சிலர்", "ஒரு பெண்", "ஒரு தொழிலாளி"ன்னு நிழல் மட்டும்தான் மிஞ்சும். தன் பேரைச் சொல்லிப் பேசணும்னு நினைக்கற ஆளும் உண்டு, அவங்களுக்கு அது மானம் சம்பந்தப்பட்டது, நாம பாதுகாப்புங்கற பேர்ல அதைத் தடுக்கக்கூடாது. என்ன நடக்கலாம்னு முழுசா சொல்லுங்க, முடிவு அவங்களோடது. தனி ஆளா நிக்காம சங்கமா நின்னு பேச வழி இருந்தா அதை முதல்ல பாருங்க.

பொலிவியாவுல 1940களோட கடைசிலேர்ந்து சுரங்கத் தொழிலாளிங்க சொந்தமா ரேடியோ வெச்சிருந்தாங்க. கூலிலேர்ந்து ஒரு பங்கை சங்கத்துக்குக் கொடுத்து அதுல மெஷின் வாங்குனாங்க. சாதாரண நாள்ல வாழ்த்து, பாட்டு, காணாமப் போன கழுதை, ஃபுட்பால், சங்கக் கூட்ட அறிவிப்பு எல்லாம் வரும், யாரு வேணா உள்ள போய் பேசலாம். 1980 ஜூலைல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்ப தலைநகர்ல இருந்த ஊடகம் எல்லாம் அடங்கிப்போச்சு, இந்த சின்னச் சின்ன நிலையங்கள்தான் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு சங்கிலியா ஒலிபரப்புச்சு, ராணுவம் ஒவ்வொண்ணா வந்து அடிச்சு மூடுற வரைக்கும். அந்த தைரியம் ஒரே நாள்ல வரல, முப்பது வருஷமா தினமும் பேசிப் பேசி வந்தது. உங்க பாட்டு நிகழ்ச்சியை தேன்மொழி தாழ்வா நினைக்க வேணாம், அங்க கூப்பிட்டுப் பழகுன கைதான் நாளைக்கு இங்கயும் கூப்பிடும். பாட்டு நிகழ்ச்சிக்கு நடுவுலயே ரெண்டு நிமிஷம் கூலி விஷயம் பேசிப் பாருங்க.

தென்னாப்பிரிக்காவுல கேப்டவுன் புஷ் ரேடியோவும் அப்படித்தான், நிறவெறி ஆட்சில லைசென்ஸுக்கு வழியே இல்லாதப்ப 80கள்ல கேசட்ல பதிவு பண்ணி கைக்குக் கை கொடுத்துட்டிருந்தாங்க, 1993ல அனுமதி இல்லாமலே ஒலிபரப்பி போலீஸ் வந்து கருவியை எடுத்துட்டுப் போச்சு, 1995ல முறையான லைசென்ஸ் வந்தது. அலைவரிசை இல்லாதப்பவே பேச்சு ஓடியிருக்கு. உங்க கமிட்டி ஒரு எபிசோடை நிறுத்துனா அதை பென்டிரைவ்ல, மெமரி கார்டுல கொண்டு போய் கூட்டத்துல போட்டுக் காட்டலாமே, சட்டப்படி என்ன தடைன்னு மட்டும் கேட்டுக்கங்க.

ஆபத்தை சின்னதா காட்ட நான் இதைச் சொல்லல. 2008 ஏப்ரல்ல மெக்சிகோவோட வஹாகா மாநிலத்துல த்ரிக்கி பழங்குடி சமுதாய வானொலில வேலை பாத்த ரெண்டு இளம்பெண்களை வண்டியை மறிச்சு சுட்டுக் கொன்னாங்க. பேச வெக்கறவங்களுக்கும் ஆபத்து உண்டு. எந்த ரூட்ல போறீங்க, யார் கூட போறீங்க, எப்ப திரும்புவீங்கன்னு டீம்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

பேர் சொல்ல யாருமே முன்வரலன்னா ஆவணத்தைப் பேச விடுங்க. ராஜஸ்தான்ல எம்கேஎஸ்எஸ்னு தொழிலாளி, விவசாயிங்க சங்கம் 1994ல மக்கள் விசாரணைன்னு ஆரம்பிச்சாங்க, பஞ்சாயத்து வேலைக்கான கூலிப் பட்டியலை வெளிய கொண்டு வந்து கூட்டத்துல சத்தமா படிச்சாங்க, இன்னாருக்கு இத்தனை நாள் கூலி கொடுத்ததா எழுதியிருக்குன்னு படிச்சதும் அந்த ஆளே எழுந்து நான் அங்க வேலையே பாக்கலன்னு சொல்வாரு, செத்துப்போனவங்க பேர்லகூட கூலி போட்டிருந்தது தெரிய வந்துச்சு. அந்தப் போராட்டம் வளர்ந்துதான் 2005ல தகவல் உரிமைச் சட்டம் வரைக்கும் போச்சு. ரேடியோவுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியல. தகவல் உரிமைல மனு போட்டு துப்புரவு கான்ட்ராக்ட் ஒப்பந்தத்தை வாங்குங்க, ஒரு ஆளுக்கு எவ்வளவு கூலி, கையுறை, பூட்ஸ், இஎஸ்ஐ, பிஎஃப்னு என்ன எழுதியிருக்குன்னு நிறுத்தி நிதானமா படிங்க. யார் பேரும் சொல்ல வேணாம், கேக்கற ஒவ்வொருத்தருக்கும் தனக்கு வந்தது எவ்வளவுன்னு தெரியும்.

தேன்மொழி_அலை

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நான் ஒவ்வொண்ணையும் டீமுக்கு வாசிச்சுக் காட்டினேன். நிகழ்ச்சி நேரம் மதியம் ரெண்டு மணி தங்கச்சி, நீங்க சொன்னப்புறம்தான் யோசிக்கறேன், ராத்திரி எட்டுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கோம். கமிட்டில துப்புரவு வேலை பாக்கறவங்க யாரும் இல்ல, அதையும் அடுத்த கூட்டத்துல வெக்கப்போறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஒரு தடவை நேரலைல வீடு காலி பண்ற விஷயம் பேசறப்ப ஒருத்தர் கூப்பிட்டு "அவங்க எல்லாம் இப்படித்தான், அவங்க வந்ததுலேர்ந்துதான் திருட்டு"ன்னு ஒரு சமூகத்தையே கேவலமா பேச ஆரம்பிச்சுட்டாரு, எங்க தொகுப்பாளர் பையன் திகைச்சுப் போய் என்ன பண்றதுன்னு தெரியாம நன்றின்னு சொல்லி வெச்சுட்டான். அதைக் கேட்டுக்கிட்டிருந்த அந்த சமூகத்து ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இதை எப்படி கையாள்றது, ஒருத்தர் கருத்தைத் தடுக்கறதும் தப்புதானேன்னு டீம்ல ஒருத்தர் கேக்கறாங்க.

பழைய_மைக்

தடுக்கறது தப்பு இல்லம்மா. ருவாண்டால ஆர்டிஎல்எம்னு ஒரு ரேடியோ, 1993ல ஆரம்பிச்சது, ஜாலியா பாட்டு, கிண்டல், நேயர் பேச்சுன்னுதான் ஜனங்களைப் பிடிச்சது, நடுவுல அங்க சிறுபான்மையா இருந்த துட்சி ஜனங்களைக் கரப்பான்பூச்சின்னு சொல்லிச் சொல்லிப் பழக்குச்சு, 1994ல அவங்களை இனப்படுகொலை பண்ணப்ப யாரைத் தேடணும் எங்க தேடணும்னே மைக்குல சொல்ற அளவுக்குப் போச்சு. அதுக்குப் பின்னால இருந்தவங்களை 2003ல சர்வதேசத் தீர்ப்பாயம் குற்றவாளின்னு சொல்லிச்சு. பேச்சு சுதந்திரத்துக்கு உறுதி கொடுக்கற அதே குடிமை, அரசியல் உரிமைகள் பத்தின சர்வதேச உடன்படிக்கையோட 20வது ஷரத்து, வெறுப்பைத் தூண்டற பேச்சைச் சட்டம் போட்டுத் தடை பண்ணணும்னு சொல்லுது, உங்க டீம்ல கேட்டவங்களுக்கு இதைக் காட்டுங்க.

நடைமுறைல, நேரலைன்னாலும் சில நொடி தாமதம் வெச்சு அனுப்பற வசதி நிறைய சாஃப்ட்வேர்ல இருக்கு, அதை வெச்சுக்கங்க. கால் நேரா ஆன் ஏர் போகாம ஒருத்தர் எடுத்துப் பேசி, என்ன சொல்லப் போறீங்கன்னு கேட்டு அப்புறம் கொடுக்கணும். அதையும் தாண்டி வந்துட்டா தொகுப்பாளர் வாய் திறக்கறதுக்கு முன்னாடியே ஒரு வாக்கியம் தயாரா இருக்கணும், நாங்க வெச்சிருக்கறது, "ஒரு ஆள் பண்ணுன தப்புக்கு ஒரு சமூகத்தைச் சொல்ல இந்த நிலையத்துல இடம் இல்ல, உங்களுக்கு என்ன நடந்ததுன்னு சொல்லுங்க, கேக்கறோம்." அவர் தனக்கு நடந்ததைச் சொன்னா கேளுங்க, நிஜமாவே அவர் வீட்ல திருட்டு போயிருக்கலாம், திரும்ப அதையே ஆரம்பிச்சா லைனை எடுத்துடுங்க. எடுத்தப்புறம் ஏன் எடுத்தோம்னு நேயர்களுக்குச் சொல்லணும், அந்த இடத்துல பாட்டு போட்டு மழுப்பக்கூடாது, ஏன்னா திட்டு வாங்குனவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க.

கேட்டுக்கிட்டிருக்கேன்

ஆமா அக்கா. அப்புறம் அடுத்த வாரமே அந்த ஜனங்களைப் போய் பாருங்க, நிகழ்ச்சிக்காக இல்லாம சும்மா போய் பாருங்க, ரெக்கார்டர் எடுத்துட்டுப் போக வேணாம். அந்தப் பையனையும் கூட்டிட்டுப் போங்க.

தேன்மொழி_அலை

ஞாயித்துக்கிழமை போறோம், அவனும் வர்றான். துப்புரவு ஒப்பந்தத்துக்கு தகவல் உரிமை மனு எழுதி வெச்சாச்சு, கறுப்புக்கோட்டு சார், ஒரு தடவை பாத்துக் கொடுக்க முடியுமா? தனிச்செய்தில அனுப்பறேன். அந்த அம்மாகிட்டயும் பேசுனேன், அவங்க பேரைச் சொல்ல வேணாம்னுட்டாங்க, ஆனா ஒப்பந்தம் வந்ததும் அதைப் படிக்கற குரல் தன்னோடதா இருக்கலாமான்னு கேட்டாங்க, மத்த பொண்ணுங்க நாலஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கறேன்னு சொல்லியிருக்காங்களாம். குரலை வெச்சுக் கண்டுபிடிச்சா என்ன ஆகும்ங்கறதை அவங்க கூட உக்காந்து பேசிட்டுத்தான் முடிவு பண்ணுவோம்.

கறுப்புக்கோட்டு

அனுப்புங்க, இன்னைக்கு ராத்திரியே பாத்துடறேன். மனுவுக்கு 30 நாள் கெடு, வரலன்னா முதல் மேல்முறையீடு, அதுக்கும் ஒரு மாதிரி எழுதி சேர்த்தே அனுப்பறேன். அவங்க படிக்கறதுக்கு முன்னாடி நானும் அங்க வந்து ஒரு தடவை பேசறேன், எந்த நாள்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க.